கூண்டுக்குள் சுழலும் சக்கரம்: டூர்பியான் மிஷின்களும் அவற்றின் பொதுப் பூர்வீகமும்

(போடிநாயக்கனூரில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

தோட்டக்காரர்களும் ஏலக்காய் வியாபாரிகளும் ஆசிரியர்களும் நிறைந்த இந்தச் சபைக்கு, கடைவீதியில் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அண்ணன்மார் சிலரும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் சொல்லப்போவதில் பாதி அவர்கள் கைக்கு ஏற்கெனவே தெரிந்தது.

டூர்பியான் கடிகாரங்களைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும், ஒரு நண்பர் கேட்டார்: “சுவிட்சர்லாந்தில் கோடீஸ்வரர்களுக்குச் செய்கிற பொருளைப் பற்றிப் போடியில் எதற்குப் பேச வேண்டும்?” நியாயமான கேள்விதான். ஆனால் இந்த ஊருக்கும் மேலே இருக்கும் ஏலமலைக்கும் நடுவில் ஓடுகிற சாலையைப் போல ஒரு கடிகாரத்தைச் சோதித்துப் பார்க்கிற இடம் எளிதில் கிடைக்காது. புவியீர்ப்பு, சூடு, குலுக்கல் என்று கடிகாரம் பயப்படுகிற எல்லாமே இந்த ஒரே பாதையில் இருக்கின்றன.

இந்த மண்டபத்துச் சுவரில் மாட்டி, நேரம் தவறாமல் ஓடும்படி திருத்தி வைத்த ஓர் ஊசல் கடிகாரத்தை எடுத்துக்கொள்வோம். அதைக் கழற்றி, 17 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டிப் போடிமெட்டில் ஒரு வீட்டுச் சுவரில் மாட்டுவோம். ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் மேலே போயிருக்கிறோம். பூமியின் மையத்தைவிட்டு அவ்வளவு விலகியதால் ஈர்ப்பு ஒரு துளி குறைகிறது. ஊசல் ஒரு துளி மெதுவாக ஆடுகிறது. நாளொன்றுக்குச் சுமார் 10 வினாடி கடிகாரம் பின்தங்கும். ஊசலின் நீளத்தைத் திருத்தினால்தான் சரியாகும். 1672-இல் ழான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர் பாரிசிலிருந்து தென்னமெரிக்காவின் கயேனுக்குக் கொண்டுபோன ஊசல் கடிகாரம் நாளுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்கியது. பூமி முழு உருண்டை அல்ல, நடுவில் பருத்தது என்று நியூட்டன் வாதாடியபோது அந்த இரண்டரை நிமிடம் அவருக்குச் சாட்சியாக நின்றது.

கைக்கடிகாரத்தின் கதை வேறு. அதில் ஊசல் கிடையாது. பேலன்ஸ் வீல் என்ற சிறு சக்கரம், ஹேர் ஸ்பிரிங் என்ற மயிரிழைச் சுருளின் இழுப்பில் இப்படியும் அப்படியும் ஆடுகிறது. 1675-இல் ஹைகன்ஸ் இதைக் கொண்டுவந்தார். ஈர்ப்பு கூடினாலும் குறைந்தாலும் ஸ்பிரிங்குக்குக் கவலையில்லை. அதனால் அது மெட்டுக்கு ஏறினாலும் குமுளிக்குப் போனாலும் உயரத்தால் நேரம் மாறாது. ஆனால் சூட்டுக்கு அது தப்பாது. சாதாரண எஃகு ஹேர் ஸ்பிரிங் போட்ட பழைய கடிகாரம், வெப்பநிலை ஒரு டிகிரி மாறினால் நாளுக்குச் சுமார் 11 வினாடி பிசகும். சித்திரை வெயிலில் போடியில் திருத்திய கடிகாரத்தோடு, 15 டிகிரி குளிர்ந்த மலைக்குப் போனவருக்கு நாளுக்கு இரண்டரை நிமிடத்துக்கு மேல் முந்திக் காட்டியிருக்கும். இந்தத் தொல்லையைத் தீர்த்தவர் சார்லஸ் எட்வார்ட் கியோம். சூட்டுக்கு அசையாத நிக்கல்-எஃகு கலவைகளைக் கண்டறிந்ததற்காக 1920-இல் அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று உங்கள் கையில் சாவி கொடுக்கிற வாட்ச் எது இருந்தாலும் அதன் ஹேர் ஸ்பிரிங் பெரும்பாலும் அந்த ஆராய்ச்சியின் வழிவந்ததுதான்.

உயரத்தால் ஈர்ப்பு மாறுவது கைக்கடிகாரத்தைத் தொடாது என்றேன். ஆனால் ஈர்ப்பு அதை வேறொரு வழியாகத் தொடுகிறது. பேலன்ஸ் வீலின் எடை எல்லாப் பக்கமும் இம்மி பிசகாமல் சமமாக இருக்க வேண்டும். ஹேர் ஸ்பிரிங் விரிந்து சுருங்கும்போதும் அதன் எடை நடுவிலேயே நிற்க வேண்டும். மனிதக் கையால் இது முழுமையாக முடிவதில்லை. எங்கோ ஒரு பக்கம் தூசியளவு கனம் கூடும். கடிகாரத்தை மேசைமேல் படுக்க வைத்தால் அது தெரியாது. நிமிர்த்தி நிறுத்தினால் தெரியும். கனமான பக்கம் கீழே இருந்தால் ஒரு வேகம், மேலே இருந்தால் வேறு வேகம், பக்கவாட்டில் இருந்தால் இன்னொரு வேகம்.

பாக்கெட் கடிகாரக் காலத்தில் இது பெரிய பிரச்சினை. கோட்டின் உள்பையில் நாள் முழுக்க அது செங்குத்தாக, ஒரே நிலையில் தொங்கிக்கொண்டிருக்கும். பிசகு ஒரே பக்கமாகச் சேர்ந்துகொண்டே போகும்.

அந்தப் பிசகை ஒழிக்க முடியாது, ஆனால் சுற்றிவிட முடியும் என்று ஒருவர் யோசித்தார். ஆபிரகாம் லூயி பிரெகே. 1747-இல் சுவிட்சர்லாந்தின் நியூஷாடெல்லில் பிறந்து பாரிசில் தொழில் செய்தவர். பிரெஞ்சுப் புரட்சியின் கொடுங்காலத்தில், 1793-இல், பாரிசைவிட்டு வெளியேறி 1795-இல் திரும்பி வந்தார். ஆட்டம் நடக்கிற பகுதி முழுவதையும், அதாவது பேலன்ஸ் வீல், ஹேர் ஸ்பிரிங், பேலன்ஸை உதைக்கும் எஸ்கேப் வீல் எல்லாவற்றையும் ஒரு சிறு கூண்டுக்குள் வைத்து, அந்தக் கூண்டையே சுழலவிட்டார். ஒரு சுற்றில் கனமான பக்கம் மேலும் கீழும் வலமும் இடமுமாகப் போய்வரும். முந்தியதும் பிந்தியதும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். இதுதான் டூர்பியான். 1801 ஜூன் 26 அன்று பத்தாண்டுக் காப்புரிமை வாங்கினார். விற்பனைக்கு வந்தது 1805-இல். அதிலிருந்து 1823-இல் அவர் இறக்கும்வரை விற்றவை 35 தான்.

இப்போது அந்தக் கூண்டைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். சாதாரண வாட்சில், மெயின் ஸ்பிரிங்கின் விசை ஒரு சக்கரத்திலிருந்து அடுத்த சக்கரத்துக்குப் போய், நான்காவது சக்கரம் நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றும். வினாடி முள் அதில்தான் உட்கார்ந்திருக்கும். அந்தச் சக்கரம் எஸ்கேப் வீலைத் தள்ளும், எஸ்கேப் வீல் பேலன்ஸை உதைக்கும். டூர்பியானில் நான்காவது சக்கரம் சுற்றுவதில்லை. அது தகட்டோடு திருகி இறுக்கப்பட்டிருக்கிறது. அதற்குப் பதில் அதன் நடு அச்சில் கூண்டு சுற்றுகிறது. கூண்டோடு சேர்ந்து போகிற எஸ்கேப் வீலின் சிறு பல்லுருளை, அசையாத அந்தச் சக்கரத்தின் விளிம்பில் உருண்டுகொண்டே வருகிறது. உருள்வதால் எஸ்கேப் வீல் திரும்புகிறது, திரும்புவதால் பேலன்ஸ் ஆடுகிறது, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் கூண்டு ஓர் அடி நகர்கிறது. சுற்றிக்கொண்டிருந்த ஒன்றை நிறுத்தி, நின்றுகொண்டிருந்த ஒன்றைச் சுற்றவிட்டார் பிரெகே. இருநூறு ஆண்டு கடந்தும் எந்த நிறுவனத்தின் டூர்பியானைத் திறந்தாலும் அசையாத சக்கரமும் உருளும் பல்லுருளையும்தான் பெரும்பாலும் உள்ளே இருக்கும். பழைய டூர்பியான்களை ஒப்பிட உட்கார்ந்தால் முதலில் கண்ணில் படுவது இதுதான். வேறுபாடெல்லாம் இந்த அடிப்படைக்கு மேலே கட்டியவை.

இந்த ஒரே மூலத்தின் முதல் கடிகாரத்தையே பாருங்கள். அது லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. பிரெகே தன் முதல் டூர்பியானைத் தன்னுடைய மிஷினில் பொருத்தவில்லை. இங்கிலாந்தின் பெரிய கடிகார மேதை ஜான் அர்னால்ட் செய்த ஒரு பழைய பாக்கெட் குரோனோமீட்டரில், 11-ஆம் எண் கொண்டதில், பொருத்தினார். அர்னால்ட் 1799-இல் இறந்துபோனார். 1808-இல் பிரெகே அந்தக் கடிகாரத்தை அர்னால்டின் மகனிடம் கொடுத்தார். என் முதல் டூர்பியானை உம் தந்தையின் முதல் வேலைகளில் ஒன்றோடு சேர்த்திருக்கிறேன், அவர் நினைவுக்கு என் வணக்கம் என்ற கருத்தில் அதன் உள்ளே வாசகம் பொறித்திருக்கிறார். அப்போது பிரான்சும் இங்கிலாந்தும் போரில் இருந்த காலம்! அர்னால்டின் மகன் பாரிசில் பிரெகேயிடம் தொழில் படித்தவர். பிரெகேயின் மகன் லண்டனில் அர்னால்டிடம் படித்தவர். டூர்பியான் பிறந்தபோதே இரண்டு வீட்டுப் பிள்ளையாகப் பிறந்தது. எந்த நிறுவனமாவது “இது முழுக்க முழுக்க எங்கள் படைப்பு” என்று விளம்பரம் செய்தால், எனக்கு அந்த 11-ஆம் எண் கடிகாரம்தான் நினைவுக்கு வரும்.

அதன்பின் கூண்டு பல வடிவம் எடுத்தது. இங்கிலாந்தின் கவென்ட்ரியில் குடியேறிய டேனிஷ்காரர் பானே பொன்னிக்சன் 1892-இல் ‘கரூசல்’ என்ற அமைப்புக்குக் காப்புரிமை வாங்கினார். தூரத்திலிருந்து பார்த்தால் இதுவும் டூர்பியான்தான், பேலன்ஸ் சுற்றுகிறது. ஆனால் இங்கே நான்காவது சக்கரம் வழக்கம்போலச் சுற்றி எஸ்கேப் வீலைத் தள்ளுகிறது. அதெல்லாம் உட்கார்ந்திருக்கும் மேடையை மூன்றாவது சக்கரம் தனியாக மெல்லத் திருப்புகிறது. பெயர்பெற்ற வடிவத்தில் ஒரு சுற்றுக்கு 52 1/2 நிமிடம். வேறுபாட்டைச் சோதிக்க எளிய வழி உண்டு. டூர்பியானில் கூண்டை நிறுத்தினால் கடிகாரம் நின்றுவிடும். ஏனென்றால் விசை கூண்டு வழியாகத்தான் போகிறது. கரூசலில் விசைக்குத் தனி வழி இருக்கிறது. செய்வதும் எளிது, செலவும் குறைவு. பொன்னிக்சனின் பட்டறையிலிருந்து போன கரூசல்கள் இங்கிலாந்தின் பல கடைக்காரர்களின் பெயரை டயலில் சுமந்துகொண்டு விற்றன. டயலில் ஒரு பெயர், உள்ளே வேறு கை. இந்தத் தொழிலில் அது மறைக்க வேண்டிய குற்றமாக இருந்ததே இல்லை.

சுவிட்சர்லாந்திலும் அதே கதைதான். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் டூர்பியான் கூண்டைச் செய்யத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். லெ லோக்ல் ஊரின் ஏர்னஸ்ட் கினான், பெல்லட்டோன் குடும்பத்தார் ஆகியோரிடமிருந்து கூண்டோ முழு மிஷினோ போகும். பெரிய நிறுவனங்கள் அதற்குக் கேஸ் கட்டி, பெயர் போட்டு, அப்சர்வேட்டரிகள் நடத்தும் துல்லியப் போட்டிகளுக்கு அனுப்பும். ஜிரார் பெரகோ நிறுவனத்தின் மூன்று தங்கப் பாலங்கள் கொண்ட டூர்பியானைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். கான்ஸ்தான் ஜிரார், சக்கரங்களின் அச்சைத் தாங்கியபடி வெளியே தெரியாமல் கிடந்த பாலங்களை அம்பு வடிவத்தில் ஒன்றுக்கொன்று இணையாக அடுக்கி, மிஷினின் எலும்புக்கூட்டையே அழகாக்கினார். 1889 பாரிஸ் கண்காட்சியில் அதற்குத் தங்கப் பதக்கம். பாலங்களின் அழகு ஜிராருடையது. அவற்றுக்கு அடியில் சுழன்றது பிரெகேயின் யோசனை.

1920-இல் ஜெர்மனியின் கிளாஸ்ஹூட்டே கடிகாரப் பள்ளி ஆசிரியர் ஆல்ஃபிரெட் ஹெல்விக் கூண்டின் மேல் பாலத்தையே எடுத்துவிட்டார். கூண்டு அடியில் மட்டும் பிடிப்போடு, மேலே ஒன்றும் இல்லாமல் மிதப்பதுபோலச் சுழலும். பறக்கும் டூர்பியான் என்று இதற்குப் பெயர். பார்க்க எத்தனை அழகு! ஆனால் ஒற்றைப் பிடிப்பில் கூண்டு ஆடாமல் நிற்க, அடியில் இருக்கும் தாங்குகல்லின் துளை எவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டும் என்பதை இங்கே இருக்கும் ரிப்பேர்க்காரர்கள்தான் உணர்வார்கள்.

பிறகு கடிகாரம் பையிலிருந்து மணிக்கட்டுக்கு ஏறியது. 1947-இல் ஒமேகா, தன் புகழ்பெற்ற 30 மில்லிமீட்டர் மிஷின் அளவுக்குள், கைக்கடிகாரத்துக்கான 12 டூர்பியான்களைச் செய்தது. கேலிபர் 30 ஐ என்பது அதன் பெயர். கூண்டு நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றாமல், ஏழரை நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றும். வேகமாகச் சுற்றினால் விசை அதிகம் தின்னும் என்பதால் அப்படி. அவை கடையில் விற்பதற்குச் செய்தவை அல்ல, அப்சர்வேட்டரிச் சோதனைக்கு. டயலில் ஓட்டை போட்டுக் கூண்டைக் காட்டவில்லை. வேலை செய்தால் போதும் என்று டயலுக்கு அடியில் மறைத்து வைத்தார்கள். நான் பார்த்த படங்களிலும் வரைபடங்களிலும் என் மனத்துக்கு நெருங்கிய டூர்பியான் இதுதான்.

1986-இல் ஒடமார் பிகே நிறுவனம் கேலிபர் 2870 என்ற மெல்லிய ஆட்டோமேடிக் டூர்பியானைக் கொண்டுவந்தது. கூண்டு டைட்டானியத்தில் செய்தது. கேஸின் பின்பக்கமே மிஷினின் அடித்தகடு. டயலில் ஒரு சாளரம் திறந்து, கூண்டு சுழல்வதை உலகத்துக்குக் காட்டினார்கள். அதுவரை வேலைக்கு வைத்திருந்த அமைப்பு, அன்றிலிருந்து பார்ப்பதற்கு வைக்கும் அமைப்பாக மாறியது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் மணிக்கட்டு நாள் முழுக்கப் பல திசையில் திரும்பிக்கொண்டிருக்கிறது. கை தானே பிசகைச் சராசரி ஆக்கிவிடுகிறது. பாக்கெட்டில் தொங்கிய கடிகாரத்துக்கு மருந்தாக இருந்தது, கையில் கட்டியதற்குப் பெரிதும் நகைதான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். டூர்பியான் செங்குத்து நிலைகளின் பிசகைத்தான் கழிக்கும். படுத்த நிலைக்கும் நின்ற நிலைக்கும் இடையிலான வேறுபாட்டை அது தொடாது.

ஒப்பீட்டுக்கு எனக்கு மிகப் பிடித்த ஜோடி அதே காலத்தது. டேனியல் ராத் என்ற கைவினைஞர், பிரெகே என்ற பழம்பெயருக்கு மறுபடி உயிர் கொடுத்த வேலையில் பல ஆண்டு இருந்தவர். 1980-களின் இறுதியில் வெளியே வந்து தன் பெயரிலேயே ஒரு நிறுவனம் தொடங்கி, இரண்டு பக்கமும் வெட்டிய வட்டம் போன்ற நீள்வட்டக் கேஸில் ஒரு டூர்பியானை வெளியிட்டார். அதே காலத்தில் பிரெகே நிறுவனமும் வட்டக் கேஸில் 3350 என்ற டூர்பியானை வெளியிட்டது. கேஸ் வேறு, டயல் வேறு, விலைப்பட்டியல் வேறு. ராத்தின் கடிகாரத்தில் வினாடி முள்ளுக்கு மூன்று கை, ஒவ்வொரு கையும் 20 வினாடியை எண்ணிவிட்டு அடுத்த கைக்கு விட்டுவிடும். இரண்டையும் திருப்பி, மிஷினைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். சுவிட்சர்லாந்தின் ழூ பள்ளத்தாக்கில் லெமானியா என்ற பட்டறை செய்து கொடுத்த மிஷின்தான் இரண்டுக்கும் அடிப்படை. அந்த லெமானியாவின் மிஷின் குடும்பத்திலிருந்துதான் நிலவுப் பயணத்துக்குப் போன ஒமேகா ஸ்பீடுமாஸ்டரின் 321-ம் வந்தது. உலகின் பெரிய பெயர்கள் பலவற்றின் டயலுக்கு அடியில் அந்த ஒரே பட்டறையின் கைவேலை இருக்கிறது.

இதை உங்களுக்கு விளங்கவைக்க ஒன்று சொன்னால் போதும். கட்டப்பனைப் பக்கம் ஒரு விவசாயி தன் தோட்டத்தில் நல்ல காய் பிடித்த செடிகளைப் பார்த்துத் தேர்ந்தெடுத்து வளர்த்ததுதான் ஞள்ளானி என்ற ஏலக்காய் ரகம். அதன் தூரைப் பிரித்துப் பிரித்து நட்டு, இன்று ஏலமலையில் பெரும்பாலும் அதுதான். வண்டன்மேட்டில் ஒருவர் தோட்டத்திலும் நெடுங்கண்டத்தில் இன்னொருவர் தோட்டத்திலும் நிற்பது ஒரே தாய்ச்செடியின் வழி. ஆனாலும் நிழலும் நீரும் பக்குவமும் வேறாக இருப்பதால், ஏலத்தில் இரண்டு காய்க்கும் விலை வேறாகப் போகிறது. மிஷினும் அப்படித்தான். மூலம் ஒன்று என்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது. பக்குவம் பார்த்தவன் கை எங்கே தெரிகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இனி நம் கைக்கு வருவோம். இந்த ஊருக்கு 1928-இல் ரயில் வந்தது. 2010 இறுதியில் அகலப்பாதைப் பணிக்காக நின்றது, 2023 ஜூனில் மறுபடி வந்தது. ரயில் வந்த ஊரில் நிமிடத்துக்கு மதிப்பு வரும். மலைத் தோட்டங்களில் காயை ஸ்டோர் என்ற உலர்த்தும் அறையில் போட்டு ஒரு பகலும் ஓர் இரவும் சூடு குறையாமல், கூடாமல் காயவைத்து எடுப்பவருக்கும் நேரம் வேண்டும். அந்தக் காலத்தில் வசதி உள்ளவர் கையில் இருந்தது சுவிஸ் வாட்ச். வெஸ்ட் எண்ட் வாட்ச் கம்பெனியின் ‘சோவார் பிரைமா’ இந்தியா முழுக்கப் பேர் வாங்கியது. அந்த வெஸ்ட் எண்ட் வாட்ச்களில் பலவற்றின் உள்ளே இருந்தது லாஞ்சின்ஸ் மிஷின். மெட்ராஸ் மவுண்ட் ரோட்டில் பி. ஆர் அண்ட் சன்ஸ் தன் பெயரை டயலில் போட்டு விற்ற கடிகாரங்களின் மிஷின்களும் சீமையில் செய்தவையே. டயலில் மெட்ராஸ், உள்ளே ஐரோப்பா. கவென்ட்ரி கரூசலின் கதை நம் ஊரில் நடந்த வடிவம் இது.

பிறகு வந்தது மத்திய அரசின் எச்எம்டி. 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு பெங்களூரில் வாட்ச் தயாரிப்பு தொடங்கியது. முதல் தொகுதியை நேரு வெளியிட்டார். ஜனதா, பைலட், சோனா, கோகினூர் என்று வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தன. பத்தாம் வகுப்புத் தேறிய பிள்ளைக்கும் புது மாப்பிள்ளைக்கும் அதுதான் பரிசு. ஒரு ஜனதாவின் பின்மூடியைத் திறந்து லென்ஸில் பாருங்கள். 17 கல், மணிக்கு 18,000 துடிப்பு. பேலன்ஸ் வீலின் பக்கத்தில் 0231 என்ற எண். சிட்டிசன் ஹோமர் வாட்சைத் திறந்தால் அதன் அண்ணன் அங்கே இருப்பார். பாலத்தின் வெட்டு, சக்கரங்கள் உட்கார்ந்திருக்கும் வரிசை, எல்லாம் அதே முகம். வீல் கிடைக்காத நேரத்தில் ஹோமரிலிருந்து எடுத்து ஜனதாவுக்குப் போட்டு ஓட வைத்த கைகள் இந்த மண்டபத்திலேயே இருக்கின்றன.

அந்த ஜனதாவில் இன்னும் ஒன்றைக் காட்ட வேண்டும். பேலன்ஸ் வீலின் அச்சு முனை உட்கார்ந்திருக்கும் சிவப்புக் கல்லைப் பாருங்கள். அதன்மேல் மெல்லிய ஸ்பிரிங் ஒன்று கல்லை அழுத்திப் பிடித்திருக்கும். டயலில் ‘பாரா ஷாக்’ என்று எழுதியிருப்பது அதைத்தான். சிட்டிசன் 1956-இல் ஜப்பானில் கொண்டுவந்த அமைப்பு. அந்த அச்சு முனை மிஷினிலேயே மெல்லியது. ஜீப் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது, கம்பியில் கை இடிக்கும்போது, கல் ஸ்பிரிங்கோடு சேர்ந்து ஒரு நூலிழை விலகிக்கொடுக்கும். முனை ஒடியாது. அதிர்ச்சி போனதும் கல் தன் இடத்துக்குத் திரும்பும்.

இந்த யோசனையை முதலில் கொண்டுவந்தவர் யார் தெரியுமா? அதே ஆபிரகாம் லூயி பிரெகே. 1790 வாக்கில் அவர் ‘பாராஷூட்’ என்று பெயரிட்டு, அச்சு முனையின் கல்லை ஒரு ஸ்பிரிங் தகட்டில் ஏற்றினார். டூர்பியானுக்குச் சில ஆண்டு முந்தியது. 1930-களில் சுவிட்சர்லாந்தின் இன்காப்ளாக், பிறகு ஜப்பானின் பாரா ஷாக், பிறகு எச்எம்டி என்று அது கைமாறி வந்து, விடிகாலையில் ஜீப் ஏறி மலைக்கு வேலைக்குப் போகிறவரின் கையில் உட்கார்ந்தது.

இதைத்தான் நான் இன்று அழுத்திச் சொல்ல வந்தேன். பிரெகேயின் இரண்டு பிள்ளைகளில் டூர்பியானுக்குத்தான் புகழ் எல்லாம். ஏலக்கூடத்தில் கோடிக்கணக்கில் விலை, கண்ணாடிப் பேழை, தனிப் புத்தகங்கள். ஆனால் உலகத்துக்கு அதிகம் உழைத்தது மற்ற பிள்ளைதான். டூர்பியான் இல்லாமல் ஒரு நல்ல வாட்ச் நாளுக்குச் சில வினாடிதான் பிசகும். அதிர்ச்சி தாங்கும் கல் இல்லாமல் இந்தச் சாலையில் அது ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. கடிகார மரபை மதிப்பிடும்போது விலையை வைத்து மதிப்பிட்டால் ஜனதா கடைசியில் நிற்கும். எத்தனை பேர் கையில் எத்தனை ஆண்டு உழைத்தது என்று மதிப்பிட்டால் அது முன்வரிசைக்கு வரும். நான் அதை முன்வரிசையில் வைக்கிறேன்.

எச்எம்டி வாட்ச் பிரிவை மூட 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. நம் மாநிலத்தில் கதை வேறு திசையில் போயிருக்கிறது. 1984-இல் டாடாவும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் சேர்ந்து தொடங்கிய டைட்டன், ஓசூரில் தொழிற்சாலை கட்டியது. 2002-இல் மூன்றரை மில்லிமீட்டர் கனத்தில் ‘எட்ஜ்’ வாட்சைக் கொண்டுவந்தது. 2025-இல் நெபுலா வரிசையில் ‘ஜல்சா’ என்ற டூர்பியான் வாட்சை வெளியிட்டது. பத்தே பத்து, அப்போதைய விலை 40 லட்சம் ரூபாய்க்கு மேல். ஹெல்விக்கின் பறக்கும் கூண்டு வழிதான் அதுவும். ஓசூருக்கு வந்து சேர்ந்த அந்த மரபை நாம் பெருமையோடு ஏற்கலாம். 11-ஆம் எண் கடிகாரத்தில் பிரெகே அர்னால்டுக்கு வணக்கம் சொன்னதுபோல, யாரிடமிருந்து வந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தப் பெருமை முழுமையாகும்.

வாங்குகிறவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். டயலில் வட்ட ஓட்டை போட்டு, பேலன்ஸ் வீல் ஆடுவதைக் காட்டி, டூர்பியான் என்று சொல்லிக் குறைந்த விலைக்கு விற்கிறார்கள். வீல் மட்டும் அங்கேயே ஆடினால் அது டூர்பியான் இல்லை. அதைத் தாங்கியிருக்கும் கூண்டே சுற்றி வர வேண்டும். ஒரு நிமிடம் பொறுமையாகப் பாருங்கள், தெரிந்துவிடும். இரண்டாவது, பழைய வாட்ச் சந்தை. தேய்ந்த மிஷினில் புது டயல் அச்சடித்து, பெரிய பெயரைப் போட்டு, பளபளவென்று விற்கிறார்கள். பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். டயலில் உள்ள பெயரும் மிஷினில் உள்ள எண்ணும் ஒரு குடும்பமா என்று தெரிந்தவரிடம் கேளுங்கள். திறக்க மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு பீரோவில், மூக்குக் கண்ணாடிக் கூட்டோடும் பழைய ரசீதோடும் ஓடாத வாட்ச் ஒன்று நிச்சயம் கிடக்கும். அதை எடுத்துக்கொண்டு கடைவீதிக்குப் போய், பின்மூடியைத் திறக்கச் சொல்லி, பேலன்ஸ் பக்கத்தில் இருக்கும் எண்ணை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். யார் வாங்கினார்கள், எந்த ஆண்டு, எங்கே என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு அதன் பக்கத்திலேயே எழுதுங்கள். சுத்தம் செய்து எண்ணெய் போடச் சொல்லுங்கள். டயலை மட்டும் புதிதாக மாற்ற விடாதீர்கள். கையில் திறமை இருக்கிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் விடுமுறையில் ஒரு மாதம் அந்தக் கடைகளில் உட்கார வையுங்கள். இந்த வேலை தெரிந்தவர்கள் இங்கே இன்னும் சிலர் இருக்கிறார்கள், கற்றுக்கொடுக்கவும் தயாராக இருக்கிறார்கள்.